போன கம்பெனிக்கே திரும்பிப் போக 3,500 ரூபாய்: ஒரு கன்சல்டன்சி அனுபவம்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பேக்கரிக்கு மேலே மாடியில் இருக்கிற ஒரு வேலைவாய்ப்பு கன்சல்டன்சியைப் பற்றித்தான் இது. பேரைப் போடப்போவதில்லை. நான் திட்டப்போகிற ஆளும் பாராட்டப்போகிற ஆளும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள், பேரைப் போட்டால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அடி விழும். 5க்கு 2 நட்சத்திரம். அந்த இரண்டும் சனிக்கிழமை காலையில் மட்டும் வருகிற ஒரு பெரியவருக்கு. மற்றபடி அங்கே இருக்கிற ஏ.சி.க்குக்கூட நான் அரை நட்சத்திரம் தரமாட்டேன், ஏப்ரல் மாத பாலக்காட்டு வெயிலில் அதை 28இல் வைத்திருக்கிறார்கள்.

எதற்காகப் போனேன் என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். கஞ்சிக்கோட்டில் ஒரு எலக்ட்ரிக்கல் கம்பெனியில் டிஸ்பாட்ச் செக்‌ஷனில் இருந்தேன். 2019 ஜூனில் சேர்ந்தேன், 2023 ஆகஸ்டில் வெளியே வந்தேன். 'வெளியே வந்தேன்' என்றுதான் இரண்டு வருஷமாகச் சொந்தக்காரர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நடந்தது வேறு. பெர்ஃபார்மன்ஸ் சரியில்லை, மூன்று மாதத்துக்குள் திருத்திக்கொள் என்று ஒரு தாளைக் கொடுத்து, அதில் தேறவில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

காரணம் இ-வே பில், அதாவது சரக்கு ஏற்றிய வண்டிக்கு எடுக்க வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டு. இந்தக் கேரள-தமிழ்நாடு எல்லையில் லோடு அனுப்புகிறவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு எல்லையில் இருக்கிற வாளையாரைத் தாண்ட வேண்டும் என்றால் இ-வே பில் வேண்டும். அதில் பார்ட் ஏ-யில் சரக்கு, விலை, யாரிடமிருந்து யாருக்கு என்பதெல்லாம் வரும், பார்ட் பி-யில் வண்டி எண். வண்டி எண்ணில் ஒன்றிரண்டு இலக்கம் தவறிப்போனால் அது சின்னத் தப்பு, அதற்கு 2018 செப்டம்பரிலேயே சர்க்குலர் வந்துவிட்டது, ஆயிரம் ரூபாயோடு போய்விடும். அப்படி மூன்று தடவை என்னால் கம்பெனி ஆயிரம் ஆயிரமாகக் கட்டியது. நாலாவது தடவைதான் வினை. ஏற்றவிருந்த கே.எல். 9 லாரி டயர் வெடித்து நின்றுவிட்டது, டிரான்ஸ்போர்ட்காரர் டி.என். 66 வண்டி ஒன்றை மாற்றி அனுப்பினார், நான் பார்ட் பி-யை மாற்றவில்லை. பில் செல்லுபடியாகிற காலத்துக்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், இரண்டு நிமிஷ வேலை, மறந்துவிட்டேன். வாளையாரைத் தாண்டி கே.ஜி. சாவடியில் ஜி.எஸ்.டி. ஸ்குவாட் நிறுத்தியது. சரக்கு 4,20,000 ரூபாய், 18 சதவீத வரி 75,600, அபராதம் அதில் இரண்டு மடங்கு, அதாவது 1,51,200. வண்டி மூன்று நாள் ரோட்டோரம் கிடந்தது. டிரைவர் அண்ணன் மூன்று நாளும் எனக்குத்தான் போன் செய்தார், சாப்பிடக் காசு இல்லை என்று.

டிஸ்பாட்சில் இருக்கிறவனுக்கு வண்டி எண் தப்பாவது சமையல்காரனுக்கு உப்பு மறப்பது மாதிரி. அன்றைக்கு நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

அப்புறம் இரண்டு வருஷம் பொள்ளாச்சியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். வேலை மோசமில்லை, ஆனால் பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. சம்பளம் 21,000 தாண்டாதவர்களுக்கு அந்த இ.எஸ்.ஐ. அட்டை எவ்வளவு பெரிய விஷயம் என்பது வீட்டில் யாராவது படுத்தால்தான் தெரியும். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் என்று வந்தபோது தெரிந்தது. சரி, பழைய கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம், கேட்டுப் பார்ப்போம் என்று தோன்றிவிட்டது. ஆனால் அனுப்பிய இடத்துக்கே எந்த முகத்தோடு போய் நிற்பது? அந்தக் கூச்சத்துக்குத்தான் நான் 3,500 ரூபாய் கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

கணக்கு இப்படி: ரெஸ்யூமே எழுத 1,500, மாதிரி இன்டர்வியூ 500, 'ரெஃபரல்' 1,500. ரசீது கேட்டால் ஜிபே-யில் போனதே ரசீதுதான் ப்ரோ என்றார் ஓனர். வயது முப்பதுகூட இருக்காது, எல்லோரும் அவருக்கு ப்ரோதான், என்னோடு வந்த மாமாவையும் ப்ரோ என்றுதான் கூப்பிட்டார். மாமாவுக்கு வயது 61.

முதலில் ரெஸ்யூமே. இரண்டு நாளில் வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். வந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது, ஓரத்தில் நீலப் பட்டை, போட்டோவைச் சுற்றி வட்டம். உள்ளே படித்தால் அது நான் இல்லை. கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த எனக்கு, மலையாளம் தண்ணி பட்ட பாடு, இங்கிலீஷ் பில் அளவுக்கு வரும். அந்தத் தாளில் நான் 'லாஜிஸ்டிக்ஸ் ஸ்ட்ராடஜிஸ்ட்'. எதையெதையோ 'ஸ்பியர்ஹெட்' செய்திருக்கிறேன். அந்த வார்த்தையை வாய்விட்டுப் படிக்க எனக்கு நாலு முயற்சி வேண்டியிருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. கீழே இன்னொரு வரி: '2022ஆம் ஆண்டின் சிறந்த டிஸ்பாட்ச் எக்ஸிக்யூட்டிவ் விருது'. யார் கொடுத்தது என்று கேட்டேன். "கம்பெனிதான் ப்ரோ, எல்லா ரெஸ்யூமேயிலும் ஒண்ணு போடுவோம், யாரும் செக் பண்ண மாட்டாங்க." நான் இதை அனுப்பப்போவதே அந்தக் கம்பெனிக்குத்தானே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்ததையே எடுத்துவிடலாம், பொள்ளாச்சி ஆபீஸை ஆறு வருஷமாக நீட்டிவிடலாம் என்றார்.

என் முகம் தெரிந்த செக்யூரிட்டி இன்னும் அதே கேட்டில்தான் நிற்கிறார் என்பதை விடுங்கள். பி.எஃப். எண் என்று ஒன்று இருக்கிறதே. யு.ஏ.என். ஆளுக்கு ஒன்றுதான், எத்தனை கம்பெனி மாறினாலும் அதே எண், எங்கே எந்தத் தேதியில் சேர்ந்தோம், எப்போது விட்டோம் என்று வரிசையாக அதில் நிற்கும். புதிய இடத்தில் சேரும் அன்றே படிவம் 11இல் பழைய பி.எஃப். கணக்கு இருந்ததா, எந்தத் தேதியில் விட்டோம் என்று நம் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான்கு வருஷத்து நுழைவு அதில் இருக்கும், பொள்ளாச்சியில் ஒரு மாதம்கூட இருக்காது. வேலை வாங்கித் தருகிற தொழில் செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்திருந்தும் சொன்னால் அதைவிட மோசம். 1,500 ரூபாய் இங்கேயே போயிற்று. கடைசியில் என் பழைய ரெஸ்யூமேயையே எடுத்து, பொள்ளாச்சி வேலையை ஒரு வரி சேர்த்து, பேக்கரிக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் 10 ரூபாய்க்கு பிரிண்ட் எடுத்தேன்.

இனி சனிக்கிழமைப் பெரியவர். கோயம்புத்தூரில் ஒரு மில்லில் பர்சனல் ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ரிட்டயர் ஆனவர். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா, எதிரே ஒரு ஃப்ளாஸ்க்கில் கட்டன் சாயா. என் புதிய ரெஸ்யூமேயை வாங்கி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"ஸ்ட்ராடஜிஸ்ட்னா என்னங்க தம்பி?"

"தெரியலைங்க சார்."

அதை மடித்து ஃப்ளாஸ்க்குக்கு அடியில் வைத்துவிட்டார், அதற்கு அதுதான் சரியான இடம். அப்புறம் ஒரே கேள்வி. "உங்களை ஏன் அனுப்புனாங்க? ஒரு மூச்சுல சொல்லுங்க."

நான் ஆரம்பித்தேன். மேனேஜருக்கு என்னைப் பிடிக்காது, சாஃப்ட்வேர் மாறிவிட்டது, டிரெய்னிங் தரவில்லை, இரண்டு பேர் செய்யும் வேலையை ஒருவனாகச் செய்தேன். எல்லாமே ஓரளவு உண்மைதான். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "இத்தனையும் மேனேஜர் கதைங்க. உங்க கதை எங்க?" என்றார். திரும்பச் சொன்னேன். திரும்ப. ஏழு தடவை சொல்லியிருப்பேன், எண்ணவில்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு வார்த்தையை வெட்டினார். 'ஆனா' என்று ஆரம்பித்தால் கையைத் தூக்கிவிடுவார். 'அந்த நேரத்துல எல்லாருமே' என்றால் ஃப்ளாஸ்க்கைத் திறந்து சாயா ஊற்ற ஆரம்பித்துவிடுவார், நாம் நிறுத்த வேண்டியதுதான். கடைசியில் வந்தது இவ்வளவு: 'வண்டியைப் பார்க்காமல் பில்லைப் போட்டேன். நாலு தடவை தப்பானது. நாலாவது தடவை கம்பெனிக்கு ஒன்றரை லட்சம் போனது.'

அதைச் சொன்னபோது எனக்குக் காது சூடாகிவிட்டது. வெளியே ரிசப்ஷன் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள் வேறு.

"சரிங்க, இப்ப எப்படி அடிக்கறீங்க?" என்றார். இதற்கு நான் எதுவும் தயாராக வைத்திருக்கவில்லை, தானாக வந்தது. பொள்ளாச்சியில் வண்டி உள்ளே வந்ததும் இறங்கிப்போய் நம்பர் பிளேட்டைப் போனில் படம் எடுப்பேன். பில் அடித்த பிறகு டிரைவரிடம் எண்ணை நான் படிக்காமல் அவரையே பில்லைப் பார்த்துப் படிக்கச் சொல்வேன், நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வண்டி மாறினால் கேட் பாஸில் சிவப்பு மார்க்கரில் பழைய எண்ணை அடித்துவிட்டுத்தான் லோடு ஏற்ற விடுவேன். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அந்த டிரைவர் அண்ணன் மூன்று நாள் போன் செய்ததிலிருந்து பயம், அவ்வளவுதான். பெரியவர் இதை எழுதிக்கொண்டார். "இதைச் சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்லாதீங்க."

இன்னும் இரண்டு விஷயம் சொன்னார், இரண்டுமே 3,500க்குள் அடங்காதவை. ஒன்று, விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் அந்தக் கம்பெனி எச்.ஆருக்கு நேராகப் போன் செய்து, என் பழைய ஃபைலில் திரும்ப எடுக்கலாம் என்று இருக்கிறதா, கூடாது என்று இருக்கிறதா என்று மட்டும் கேட்கச் சொன்னார். பல கம்பெனிகளில் ஆள் போகும்போது அப்படி ஒரு குறிப்புப் போட்டு வைப்பார்களாம், அது 'கூடாது' என்றால் எத்தனை ரெஸ்யூமே போட்டாலும் வீண், வேறு இடம் பார்க்கலாம், மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். இரண்டாவது, என் ரிலீவிங் லெட்டரைக் கேட்டு வாங்கிப் படித்தார். அதில் 'ராஜினாமா' என்றுதான் இருக்கிறது. 2023இல் எச்.ஆர். அறையில், நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் டெர்மினேஷன் லெட்டர்தான் தர வேண்டியிருக்கும் என்று சொல்லித்தான் என்னிடம் அதை வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து எவ்வளவு பொருமியிருக்கிறேன். பெரியவர் பட்டும் படாமலும் சொன்னார்: "எழுதிக் கொடுத்தது அன்னைக்கு உங்களுக்கு நட்டம், கேக்க வேண்டியதைக் கேக்கறது கஷ்டமாயிடுச்சு. இன்னைக்கு அதுவேதான் உங்களுக்குக் கதவு." எல்லோருக்கும் எழுதிக் கொடுப்பது நல்லது என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவரவர் நிலைமை.

500 ரூபாய்க்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். பாதி சாயாவும் எனக்கே ஊற்றிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை கம்பெனி எச்.ஆருக்குப் போன் செய்தேன். எடுத்தது புதிய பெண், மலையாளத்தில் பேசினாள். பழைய எம்ப்ளாயி நம்பரைச் சொன்னேன், அது இன்னும் மனப்பாடம். கீபோர்டு சத்தம் கேட்டது, அந்தச் சத்தம் எவ்வளவு நேரம் போனது என்று இப்போது சொல்ல முடியாது, அரை நிமிஷம்தான் இருக்கும், எனக்குத் தேர் நிலைக்கு வருகிற மாதிரி இருந்தது. பிளான்ட் ஹெட் சம்மதித்தால் எடுக்கலாம் என்றுதான் இருக்கிறது, சேட்டன் அப்ளை பண்ணிக்கோளு என்றாள்.

'ரெஃபரல்' பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, உள்ளே ஆள் இருக்கிறார், சொல்லி வைப்போம் என்றார் ஓனர். அந்த உள் ஆள் யார் என்று பிறகு தெரிந்தது: கம்பெனியின் வெப்சைட். அங்கே யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம், அதில் அந்த நீலப் பட்டை ரெஸ்யூமேயை எனக்குச் சொல்லாமல் ஏற்றிவிட்டிருக்கிறார், விருதோடு. இன்டர்வியூவில் என் கையில் இருந்த தாளையும் அவர்கள் பிரிண்ட் எடுத்து வைத்திருந்த தாளையும் அருகருகே வைத்துப் பார்த்த அந்த நிமிஷம் இருக்கிறதே, அது எந்த எதிரிக்கும் வரக்கூடாது.

எதிரே இருந்தது என் பழைய மேனேஜர்தான். அவர் இப்போது ஒரு படி மேலே. விருது எழுதியிருந்த வரியில் விரலை வைத்து, "எந்தா இது?" என்று மலையாளத்தில் கேட்டார். கன்சல்டன்சிக்காரன் போட்டது சார், இதுதான் என்னுடையது என்று என் தாளைத் தள்ளினேன். சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. ஏன் போனாய் என்று அவர் கேட்கவே இல்லை, அவருக்குத் தெரியும். ஏழு தடவை வெட்டிச் செதுக்கிய வாக்கியம் தொண்டையில் நின்றது, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவோம் என்று நானே சொன்னேன். 'ஆனா' போடாமல். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, மேஜையில் இருந்த ஒரு இன்வாய்ஸைத் தள்ளி, யார்டில் ஒரு வண்டி நிற்கிறது, இதற்கு பில்லுக்கு வேண்டியதை எழுதிக் கொண்டுவா என்றார். இன்வாய்ஸில் பென்சிலால் ஒரு வண்டி எண் எழுதியிருந்தது. நான் எழுந்து வெளியே போனேன். யார்டில் நின்றது கே.எல். 70, பாலக்காட்டுச் சித்தூர் வண்டி. பென்சிலில் இருந்தது டி.என். 41. படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டினேன்.

வேலை கிடைத்தது, ஆனால் பழைய மாதிரி இல்லை. காண்ட்ராக்டர் ரோலில் ஆறு மாதம், பழைய சம்பளத்தைவிட 2,000 ரூபாய் குறைவு, ஒழுங்காக இருந்தால் அப்புறம் பார்க்கலாம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் உண்டு. கிராஜுவிட்டிக் கணக்கு முதலிலிருந்து, பழைய நாலு வருஷம் இரண்டு மாதம் சேராது, ஐந்து வருஷம் மறுபடி எண்ண வேண்டும். எனக்குக் கீழே வேலை கற்றுக்கொண்ட பையன் இப்போது என் சூப்பர்வைசர். முதல் நாள் அவனுக்கு என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, எனக்கும்தான். இரண்டு பேரும் ஒரு வாரம் பேர் சொல்லாமலேயே ஓட்டினோம், இப்போது அவன் அண்ணா என்கிறான், நான் சார் என்கிறேன், கேன்டீனில் மட்டும் டா.

போவதாக இருந்தால் சனிக்கிழமை 10 மணிக்குப் போங்கள், மாதிரி இன்டர்வியூ மட்டும் போதும் என்று சொல்லுங்கள். பேக்கேஜாகத்தான் தருவோம் என்பார்கள், எழுந்து படி இறங்குகிற மாதிரி நடந்தால் 500க்கு ஒத்துக்கொள்வார்கள், எனக்குப் பின்னால் வந்த பையனுக்கு ஒத்துக்கொண்டார்கள். ரிலீவிங் லெட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். ரெஸ்யூமே வேண்டாம். ரெஃபரல் வேண்டவே வேண்டாம், உங்கள் மெயில் பாஸ்வேர்டு கேட்டால் கொடுக்காதீர்கள், என்னிடம் கேட்டார்கள். வண்டி நிறுத்த இடம் கிடையாது, பேக்கரிக்காரர் திட்டுவார், ஒரு முட்டை பப்ஸ் வாங்கினால் திட்டமாட்டார்.

வேலை கிடைத்த செய்தி எப்படியோ ஓனருக்குப் போய்விட்டது. சக்சஸ் ஃபீஸ் என்று அரை மாதச் சம்பளம் கேட்கிறார், பணம் கட்டும்போது அப்படி ஒரு பேச்சே இல்லை. அந்த விருது வரியைக் காட்டி நான் உங்களிடம் ஃபீஸ் கேட்கட்டுமா என்று கேட்டேன், போனை வைத்துவிட்டார். ஆனால் விடவில்லை. நேற்று மத்தியானம் லோடு ஏற்றிக்கொண்டிருக்கும்போதுகூட இரண்டு மிஸ்டு கால், நம்பர் பிளேட்டைப் படம் எடுக்கப் போனைத் திறந்தபோதுதான் பார்த்தேன்.